செத்த பேட்டரி

பேட்டரியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான் ஜீவா. சுரீர் என்றது. புத்தம் புதுசு.

இன்னும் சற்று நேரத்தில் வீரமணி மேடையில் வாசிக்கப்போகும் பேஸ் கித்தாரிலிருந்து இப்போதுதான் அதைப் பிடுங்கியிருந்தான். அந்தக் கித்தாரின் முதுகில் சின்னதாக ஒரு மூடி உண்டு. உள்ளே இருக்கும் சதுர பேட்டரி செத்துவிட்டால், கித்தார் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்து அடங்கிவிடும்.

நல்லதை மடியில் கிடந்த துண்டுக்குள் செருகிக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து செத்துப்போன ஒன்றை எடுத்துக் கித்தாருக்குள் வைத்தான். பாவம் பார்க்கிற மனசை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

போன வருஷம் வரை இந்தக் கித்தாரை வாசித்தவன் அவன்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணக் கச்சேரி. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுகிற நேரம் பார்த்துக் கித்தார் செத்தது.

"ஒரு பேட்டரி மாத்தத் துப்பில்ல, நீயெல்லாம் ஆர்ட்டிஸ்டா? எறங்குடா!" குழுவை நடத்தும் அன்புச்செல்வன் அதை மைக்கிலேயே சொன்னார். கல்யாண மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து ஜீவாவுக்கு ஊர் வைத்த பெயர் 'செத்த பேட்டரி'. வேறு எந்தக் குழுவும் அவனைச் சேர்க்கவில்லை.

மைக் செட் மாயவனிடம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த வீரமணி, கொஞ்சம் வாசிக்கத் தெரியும் என்று ஜீவாவின் இடத்துக்கு வந்தான். வீரமணி போட்டுவிட்டுப் போன ஒயரை ஜீவா எடுத்துக்கொண்டான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இன்று மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. சனம் பெண்ணையாற்று மணலில் உட்கார்ந்தாயிற்று. மேடைக்குப் பக்கவாட்டில் நின்ற குழுவின் வேனுக்குள் ஜீவா தனியாக இருந்தான். வேனை ஒட்டி ஜெனரேட்டர் காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

மாயவன் கதவில் தலையை நீட்டிக் கத்தினார். "கார்ட்லெஸ் மைக்க எங்கடா வெச்ச? காணாமப்போன கொழந்த பேரு சொல்லணுமாம்."

"பேட்டரி தீந்துபோச்சிங்க. மாத்தி எடுத்தாறேன், நீங்க போயி சவுண்ட ஏத்தி வைங்க."

அவர் போனார். ஜீவா கித்தார் மூடியைப் போட்டு அழுத்துவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. வீரமணி.

"இன்னா பண்ற?"

ஜீவா துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வீரமணி கித்தாரை வெடுக்கென்று வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை நாக்கில் வைத்தான். ஒன்றுமே இல்லை. அடிக்கப்போகிறான் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏண்ணா, என் வித்தைய என்கிட்டயேவா காட்டுற?"

"கேக்கல, சத்தமா சொல்லு!" ஜெனரேட்டருக்கு மேல் ஜீவா கத்தினான். "இன்னா உன் வித்த?"

வீரமணி முகத்துக்கு நேரே குனிந்து கத்தினான். "அந்தக் கல்யாணத்துல பேட்டரி தானா செத்துச்சின்னு இன்னுமா நெனச்சிக்கினு இருக்க? நீ சாப்புடப் போனப்ப மாத்தினது நான்தான். மைக்குல தீந்துபோனத உன் கித்தார்ல போட்டேன். உன் புதுச மைக்குல போட்டேன். ரெண்டுக்கும் ஒரே பேட்டரிதான?"

ஜீவாவின் கண் கலங்கிவிட்டது. சந்தேகம் வேறு, காதால் கேட்பது வேறு. "ஓனருக்குத் தெரியுமா?"

"அந்தாளுக்கு இன்னா தெரியும்? கோட்டு போட்டுக்கினு மேடையில நிப்பாரு, அவ்ளோதான். நான் சொன்னதே அவருக்கு வேதம்."

"நான் போயி சொன்னா?"

"சொல்லேன். செத்த பேட்டரி பேச்ச எவன் நம்புவான்?"

சிரித்தபடியே வீரமணி வேன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மணலில் உட்கார்ந்திருந்த சனம் எழுந்து நின்று வேன் பக்கமாகத் திரும்பியிருந்தது. அன்புச்செல்வன் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் இங்கியே பாக்குறாங்க?"

ஜீவா துண்டை விலக்கினான். உள்ளே கார்ட்லெஸ் மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

"உன் புதுசும் மைக்குலதான்டா இருக்குது."