கடைசியில் சொல்றேன்

மடிக்கணினித் திரையின் பாதியை ஜன்னல் வெயில் வெளுத்திருக்க, மீதிப் பாதியில் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான். டேட்டாபேஸ் வேலைக்காரர்கள் தங்களுக்குள் இலவசமாக நடத்திக்கொள்ளும் இணைய வகுப்பு. அழிந்துபோன தரவை மீட்பது எப்படி என்று அவன் எடுத்த பாடம். அவன் கண்ணை மூடி இன்றோடு இருபது நாள். பதிவை எல்லோருக்கும் வெளியிடுமுன், வகுப்பை ஒருங்கிணைக்கும் பெண் போனில் அக்காவிடம் கேட்கிறாள்: "நடுவுல உங்க குரல் வருதுக்கா. வெட்டிடவா?" அந்த இடம் வந்தேவிடுகிறது. "நெஞ்சு கிழிய இருமிக்கிட்டு யாருக்குடா இந்த ஓசிப் பாடம்? டாக்டர்கிட்ட எப்பப் போவே?" தம்பி செருமிக்கொண்டு சிரிக்கிறான். "எங்க அக்கா. கேள்விக்கெல்லாம் கடைசியில பதில் சொல்றேன்."

அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்கிறாள். கடைசியில் அவன் ஒவ்வொருவர் கேள்வியாக வாசித்து, இருமலுக்கு நடுவே சளைக்காமல் பதில் சொல்கிறான். அவள் விரல் விட்டு எண்ணுகிறாள். பதினோரு கேள்வி. "எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன்," என்று கையசைக்கிறான். திரை கறுத்து, அதில் அவள் முகம் தெரிகிறது. போனில் அந்தப் பெண் மறுபடி கேட்கிறாள்: "அக்கா, வெட்டிடவா?"

"வேண்டாம்மா. நான் கேட்டது அப்படியே இருக்கட்டும்."