தலை குனிந்தவள்

பிற்பகல் வெயில் கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்து புகையிலைத் தூசியைப் பொன்னாக்குகிறது. என் தங்கை அருளாயியும் பக்கத்து வீட்டு லூர்தம்மாளும் சுருட்டுச் சுற்றுகிறார்கள். நான் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்க வாசிக்கிறேன். வத்தலக்குண்டில் உள்ள புருஷன் வீட்டிலிருந்து அருளாயி வந்து பதினோரு நாளாகிறது. அவள் முழங்கை வீக்கத்துக்கு இன்னும் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் போகும் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. “‘உனக்குச் சம்மதமா?’ என்றார் அவர். அவள் தலை குனிந்தாள்.” அதோடு இந்த வாரக் கதை முடிந்துவிடுகிறது. “இம்புட்டுத்தானா? சம்மதமா இல்லையான்னு எப்படித் தெரியும்?” என்கிறாள் லூர்தம்மாள். “வெக்கந்தான், வேறென்ன” என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்பு சாமியார் அருளாயியிடம் இதையேதான் கேட்டார். அவள் குனிந்து நின்றாள். “வெக்கப்படுது சாமி, சம்மதந்தான்” என்று முந்திக்கொண்டு சொன்னது நான். அப்போது என் கை அவள் பிடரியில் இருந்தது. சற்று அழுத்தியும் இருந்தது. இலையைச் சுற்றும் அருளாயியின் விரல்கள் நிற்கின்றன. நிமிராமலே கேட்கிறாள்: “ஏக்கா, அந்தப் பிள்ளைக்குப் பின்னாடி யாரு நிக்கிறாகன்னு அதுல போட்டிருக்கா?” என் வலது கை தானாகப் பத்திரிகைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.