முந்திக்கொண்ட கிராம்பு

ஓர் அத்தர் குப்பிக்குள் கிராம்பும் சந்தனமும் ஒன்றாகக் குடியிருந்தன. மூடியைத் திறந்ததும் கிராம்புதான் முதலில் வெளியே குதிக்கும். சந்தனம் எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் வந்தவர் போயே விடுவார். அதனால் அந்தக் குப்பி கடையிலேயே கிடந்து தூசி படிந்தது.

ஒருநாள் ஜெசிந்தா என்றொருத்தி வந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிக்கொண்டாள். கிராம்பு சும்மா இருக்குமா? தன் காரத்தையெல்லாம் அவள் மூக்கில் ஏற்றிவிட்டது.

"அப்பா, என்ன காட்டம். வேண்டாம் பாய்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

மணிக்கட்டில் இருந்த கிராம்புக்கு அழுகை வந்துவிட்டது. "இதையும் நான்தான் கெடுத்தேன், அண்ணே."

"அழாதேடா, கொஞ்சம் தள்ளி உட்கார்," என்றது அப்போதுதான் கண் விழித்த சந்தனம். தோலின் சூட்டில் அது மெல்லப் பரவியது. கிராம்பும் வேகம் தணிந்து அதன்மேல் சாய்ந்துகொண்டது.

கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கிய ஜெசிந்தா, மணிக்கட்டை மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கடைக்கே திரும்பினாள்.

"காட்டமா இருக்குன்னீங்களே?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பாய். முதல்ல எகிறுவார். கொஞ்சம் பொறுத்துட்டா அவர மாதிரி ஆளே கிடையாது."

வீட்டில் மூடியைத் திறந்தபோது, "இந்தத் தடவை நீ முதல்ல போ, அண்ணே," என்றது கிராம்பு. சொல்லி முடிப்பதற்குள் அதுவே குதித்திருந்தது.

"என்ன இது, மூக்கைத் துளைக்குது?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் எகிறியது.

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.