பன்னெண்டு நூத்திநாப்பதானது எப்படி?

"சார், ஜானவி என் ரிப்போர்ட்ல கை வெச்சுட்டா."

அபிலாஷ் மேனேஜர் ரூமுக்குள்ள நுழைஞ்சதே கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான். மூஞ்சி நெறைய சந்தோஷம். பின்னே? ஆறு மாசத்து வயித்தெரிச்சல். டீம்ல எதுக்கெடுத்தாலும் ஜானவி. கேன்டீன் சாம்பார்ல உப்பு குறைஞ்சாக்கூட அவகிட்டதான் கேப்பாங்க போல. இப்போ டீம் லீட் போஸ்ட் ஒண்ணு காலி. அதுவும் அவளுக்கே போயிருமோன்னு பயலுக்குச் சோறு இறங்கலை.

மேனேஜர் நாகேஸ்வரன் நிமிர்ந்தார். "என்னடா பண்ணினா?"

"கார் பிரேக் சிப்பு மெமரியைப் படிக்க எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளந்தேன்லா. பன்னெண்டு நானோசெகண்ட்னு போட்டிருந்தேன். ஞாயித்துக்கெழமை ஃபைலைத் திறந்து நூத்திநாப்பதுன்னு மாத்தி, கிளையண்டுக்கு அனுப்பிட்டா. ஹிஸ்டரியில கெடக்கு, பாருங்க."

"அவ எதுக்கு மாத்தணும்?"

"என் நம்பர் நல்லா இருந்தா ஆகாதே. கேட்டுப் பாருங்க, 'ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலையே சார்'னு கண்ணை உருட்டுவா, கேட்டோ." மூக்கால பேசி, தோளைக் குலுக்கி, அச்சு அசல் ஜானவியாவே நின்னான்.

நாகேஸ்வரனுக்குச் சிரிப்பு வரலை. ஃபைலைத் திறந்து பார்த்தார்.

"நீ எப்படி அளந்தே?"

"ஒரே இடத்தை ஆயிரம் தடவை படிக்க வெச்சு, ஆவரேஜ் எடுத்தேன் சார்."

"ஒரே இடத்தையா?"

"ஆமா சார்."

"மொதல் தடவைதான்டா அது மெமரி வரைக்கும் போகும். அப்புறம் பக்கத்துலேயே கேஷ்னு ஒரு குட்டி மெமரியில காப்பி வெச்சுண்டு, அதையே எடுத்து நீட்டும். மிச்ச தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவையும் நீ அளந்தது அந்தக் காப்பியை. அதுவும் பிரேக்குக்கு எதுக்குடா ஆவரேஜ்? ஒரு தடவை லேட்டானா போறாதா?"

குலுக்கின தோள் அப்படியே இறங்கிருச்சு.

நாகேஸ்வரன் ஜானவியைக் கூப்பிட்டார். "இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஃபோன்ல மூணு தடவை விளிச்சேன் சார். கட் பண்ணிட்டார். திங்கக்கெழமை காலம்பற அனுப்பணுமே, அதான் ஒவ்வொரு தடவையும் வேற வேற எடமாப் படிக்க வெச்சு, நானே அளந்துட்டேன்."

கட் பண்ணினது நெசம். அவ பேரைப் பார்த்ததுமே விரல் சிவப்புக்குப் போயிருந்துச்சு.

"உன் பேரையாவது போட்டிருக்கலாமே?"

"ஒரு டெஸ்ட்தானே சார் தப்பு. மத்ததெல்லாம் அவர் ஒரு மாசம் ஒக்காந்து பண்ணினது." அவ போயிட்டா.

அபிலாஷ் அவ போன கதவையே பார்த்தான். "ஸாரி சார். அப்போ... லீட் அவளுக்குத்தான், அல்லே?"

"கேஷ்ல ஏமாறாம அளந்த அந்த நூத்திநாப்பதைப் பார்த்து கிளையண்ட் அசந்து போயிட்டான். அதைக் கண்டுபிடிச்ச ஆளையே லீடாப் போடுங்கோன்னு எழுதியிருந்தான். ரிப்போர்ட்ல உன் பேர்தானே இருந்துது, நேத்து சாயங்காலமே அதையே கொடுத்துட்டேன்."

நாகேஸ்வரன் கீபோர்டைக் கிட்ட இழுத்துக்கிட்டார்.

"கண்டுபிடிச்சது யாருன்னு இப்போ நீ வந்து சொல்லித்தான்டா எனக்கே தெரியும்."