ஏரிக்கரையில் கழற்றிய செருப்பு

பக்திப் பாட்டு எழுதும் ஒருவரிடம் ஒரு பேனாவும் ஒரு ஜோடிச் செருப்பும் இருந்தன. பேனா அவர் சட்டைப் பையில் ஏறிக் கோயிலுக்குள் போகும். செருப்பு வாசலிலேயே கிடக்கும்.

"என்ன அண்ணே, இன்றைக்கும் வாசல்தானா?" என்று ஒருநாள் திரும்பி வரும்போது பேனா கேலி செய்தது.

"உள்ளே போய் வந்தாயே தம்பி, என்ன எழுதினாய்?" என்று செருப்பு கேட்டது.

ஒரு மாதமாக அவருக்கு ஒரு வரிகூட வரவில்லை. பேனாவின் முள்ளில் மை காய்ந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் தன்னைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று அது பயந்தது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் ஏரிக்கரையில் நடந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆழமில்லாத தண்ணீரில் ஒரு நாரை அசையாமல் நின்றது. அவரும் நின்றார். வெகுநேரம் நின்றுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, ஈர மண்ணில் வெறுங்காலை ஊன்றினார்.

"இங்கே கோயில் எதுவும் இல்லையே, ஏன் கழற்றுகிறார்?" என்றது பேனா.

"வீட்டை விட்டு வந்தால் சாமி முன்னால் மட்டும்தான் என்னைக் கழற்றுவார். நீ சற்றுப் பேசாமல் இரு," என்றது செருப்பு.

பேனா பேசாமல் இருந்தது. சிறிது நேரத்தில் அவர் கை சட்டைப் பைக்கு வந்தது.