விளிம்புவரை

புருலாய் தன் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றித் தோல்பைக்குள் வைத்துக்கொண்டுதான் தமீராவின் அறைக்குள் வந்தாள்.

தையல்கூடத்தை நடத்துகிற தமீராவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொந்தக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டவள் நாளைக்கு வரமாட்டாள்.

பிஷ்கேக்கின் அந்தத் தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவள் புருலாய். அவள் போனால் ரஷ்யாவுக்குப் போகவேண்டிய கவுன்கள் அப்படியே நின்றுவிடும். அவளை நம்பி வேலைக்கு வந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள்.

குளிர்காலத்திலிருந்து ஏற்கெனவே நான்கு பேர் போயாகிவிட்டது. பிள்ளைக்கு இருமல் என்றாள் ஒருத்தி. புருஷனோடு மாஸ்கோ போகிறேன் என்றாள் இன்னொருத்தி. போன வாரம்கூட அவள் சந்தையில் முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்ததைத் தமீரா பார்த்தாள்.

புருலாய் முழங்கால் வலி என்றாள்.

வேறு நாற்காலி தருவதாகச் சொன்னாள் தமீரா. வீடு தூரம் என்றதற்கு வண்டி அனுப்புவதாகச் சொன்னாள். சம்பளத்தைப் பற்றியும் பேசினாள். வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவள் கடைக்காரனிடம் விலை கேட்டுக்கொள்வதுபோல, எல்லாவற்றுக்கும் புருலாய் மரியாதையாகத் தலையசைத்தாள்.

தமீரா தேநீர்க் கெட்டிலை எடுத்தாள்.

இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. முன்பெல்லாம் இடைவேளையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் குடித்து, கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப நீட்டி, நேரத்தை ஓட்டிவிடுவார்கள். வேலை குவிந்த குளிர்காலத்தில் அவள்தான் அதை மாற்றினாள். ஆளுக்கு ஒரே தடவை, தாராளமாக, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள். பணியாளருக்கு நீங்களே பரிமாறுங்கள், மனம் ஒட்டிக்கொள்ளும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பால் கலந்த தேநீர் விளிம்புவரை வந்து தளும்பி நின்றது.

புருலாய் கிண்ணத்தைத் தொடவில்லை.

“நீங்கதான் தினமும் போகச் சொன்னீங்களே அக்கா. அவங்க நாலு பேரும் ரோஷக்காரிங்க, சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டாங்க. எனக்குத்தான் தோல் தடிச்சுப்போச்சு.”

நான் எப்போது சொன்னேன் என்று கேட்க வாயெடுத்த தமீரா, அவள் பார்வை நின்ற இடத்தைப் பார்த்தாள்.

அம்மாவின் வீடு நினைவுக்கு வந்தது. வேண்டியவர்களுக்கு அம்மா இரண்டு வாய்க்குமேல் ஊற்றமாட்டாள். கிண்ணம் திரும்பி வரவேண்டும், வந்தவர் இன்னும் கொஞ்சம் இருக்கவேண்டும். எழுந்துபோக மனமில்லாத விருந்தாளிக்குத்தான் நிறைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து சொன்னதே இல்லை.

தெரியாத வழக்கமா என்ன?

முதல் நாளே, இஸ்திரி போடும் உர்கியா நிறைந்த கிண்ணத்தை உற்றுப் பார்த்து, எங்களை எப்போது துரத்துவதாக உத்தேசம் என்று கேட்டாளே. எல்லோரும் சிரித்தார்கள். தமீராவும் சிரித்தாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேலியைச் செய்யவில்லை என்பதைத்தான் அவள் கவனிக்கவில்லை.

கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவுதொட்டியில் கொட்டினாள். திரும்பி வந்து அடிப்பாகம் மறையும் அளவுக்கு மட்டும் ஊற்றினாள். இடதுகையை நெஞ்சில் வைத்து, வலதுகையால் நீட்டினாள்.

புருலாய் வாங்கிக் குடித்தாள்.

வெளியே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. தமீரா கெட்டிலின் பிடியை விடாமல் நின்றாள்.

இரண்டு வாய்த் தேநீர். எப்போதோ தீர்ந்திருக்கும்.

புருலாய் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று நீட்டவும் இல்லை.