அப்பா போட்ட பனி

"பேத்தியை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர முழங்கால் வலிக்குதாம். உட்கார்ந்து படம் போட மட்டும் ஒண்ணும் வலிக்கலையாம்!"

ஷூவைக் கழற்றும்போதே மகன் ஆரம்பித்துவிட்டான்.

"மெதுவாப் பேசுங்க, மாமா காதுல விழப்போகுது" என்றாள் மனைவி.

"விழட்டுமே! தினமும் ஆபீஸ்ல பர்மிஷன் கேட்டுட்டு ஓடி வர்றது நீதானே? உன் வேலைக்கே உலை வெச்சிடுவார் போலிருக்கு."

தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, உள்ளே மகனுடைய டேப்லெட்டை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த புது பெயிண்டிங் ஆப், விளம்பர கம்பெனியில் டிசைனரான மகனுக்கே இன்னும் பிடிபடவில்லை.

"குடுங்கப்பா இங்க!"

வெடுக்கென்று பிடுங்கினான். பிடுங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

திரை முழுக்கப் பனி. அதற்குள் பாதி கரைந்துபோன ஒரு தெரு. ஒரு மஞ்சள் வண்டி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நின்றது.

"இது... நீங்களா போட்டீங்க?"

"ஆமாம்டா. நோண்டி நோண்டிப் பார்த்தேன்."

"இந்தப் பனி எப்படிப்பா வந்தது? நானும் மண்டையை உடைச்சுக்கிறேன், எனக்கு அடுப்புப் புகை மாதிரிதான் வருது!"

"முதல்ல அந்த ஸ்பாஞ்ச் பிரஷ்ஷைத் தேய்ச்சேன். வெள்ளையடிச்ச சுவராயிடுச்சு. அப்புறம் லேயர்னு ஒண்ணு இருந்துச்சு. கவுனுக்கு மேல வலைத்துணி வெச்சுத் தைப்போமே, அதே கதைதான். கிட்ட இருக்கிறதுக்கு ஒரு வலை. தூரத்துக்கு நாலஞ்சு."

"அடேயப்பா! எங்க டைரக்டர் பார்த்தா ஆடிப்போயிடுவார்!"

கோபம் போன இடம் தெரியவில்லை. "ஏய், இங்க வாயேன்! உன் மாமனார் என்ன காரியம் பண்ணியிருக்கார் பாரு!"

வந்து பார்த்த மனைவியும் வாயைப் பிளந்தாள். மகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எந்த மலை ஊருப்பா இது? விடியற்காலைதானே? கீழே இந்த நீலப் பூவெல்லாம் அப்படியே மிதக்குது!"

அப்பா நெளிந்தார். "மலையுமில்ல, விடியற்காலையுமில்ல. நம்ம பாப்பா ஸ்கூல் வாசல்டா. பட்டப்பகல்."

"பகல்ல ஏதுப்பா பனி?"

"மங்கலாத் தெரியுதுன்னு சொன்னேன். கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்கன்னு நீ சொன்னே. எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் வரைஞ்சு வெச்சேன்."

மகன் டேப்லெட்டை அப்பா பக்கம் திருப்பினான்.

அப்பா அந்த நீலத் திட்டுகளைத் தொட்டுக் காட்டினார்.

"இது பூ இல்லடா, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க. இதுல நம்ம பாப்பா எதுன்னு நீயே சொல்லு பார்ப்போம். போன வாரம் நான் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டினது வேற யார் வீட்டுப் பிள்ளையையோடா!"